இசைக்கும் வீடியோவுக்கும் ஒரே கம்ப்யூட்டர், குறைந்த செலவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு அறையில் பாட்டு பதிவு செய்து, அதற்கு வீடியோவும் தானே எடிட் செய்து வெளியிடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இப்போது நிறைய. அவர்களில் பலர் கடைக்குப் போனதும் கேம் விளையாடுகிறவர்களுக்கான மெஷினைத்தான் வாங்கி வருகிறார்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டும் கண்ணாடிக் கேபினெட்டும் இருக்கும். ராம் 8 ஜிபி, எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பெயர் தெரியாத கம்பெனி. அந்தக் காசிலேயே இதைவிட நல்ல வேலை மெஷின் கிடைக்கும். எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால் போதும். பாகங்களின் விலை வாராவாரம் மாறுவதால் விலைப்பட்டியலாக எழுதாமல், எதை எதற்காக வாங்குவது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

இரண்டு வேலைக்கும் ஒரே மெஷின் போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால் இரண்டும் மெஷினிடம் கேட்பது ஒன்றல்ல.

இசை மென்பொருளுக்கு முக்கியம் நேரம். ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிராசசர் கணக்கிட்டு, குறித்த நேரத்துக்குள் வெளியே தள்ள வேண்டும். ஒரு துண்டு தாமதமானாலும் ‘டப்’ என்று சத்தம் கேட்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் அநேகமாக வேலையே இல்லை. வீடியோ வேறு மாதிரி. சுருக்கி அடைத்த கோப்பை விரித்துக் காட்டுவது, நிறம் சரிசெய்வது, மறுபடி சுருக்கி எழுதுவது, இவைதான் அதன் சுமை. அதில் பெரும்பகுதியை கிராபிக்ஸ் சிப்பும், வீடியோவுக்கென்றே உள்ள டீகோடரும் சுமக்கும்.

இரண்டுக்கும் பொதுவானவை நான்கு: ஒரு கோருக்கு (பிராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) நல்ல வேகம் உள்ள பிராசசர், போதுமான ராம், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), நம்பகமான மின்சாரம். கையில் உள்ள பணம் முதலில் இந்த நான்குக்கும் போக வேண்டும்.

அப்படியென்றால் கிராபிக்ஸ் கார்டு கடைசியிலா?

முதல் நாளே வாங்க வேண்டியதில்லை என்பேன். அதை மட்டும் ஆறு மாதம் கழித்துச் செருகினால்கூட வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸையோ மதர்போர்டையோ பின்னால் மாற்றினால், முதலில் கொடுத்த காசு வீண். பின்னால் எளிதாகச் சேர்க்கக்கூடியதைத் தள்ளிப்போடுங்கள், பிரித்துப் போட வேண்டியதை முதலிலேயே நல்லதாக வாங்குங்கள். கார்டைப் பின்னால் செருகுவதாக இருந்தால், அதையும் தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதே போட்டுவிட வேண்டும்.

எந்தப் பிராசசர்?

குறைந்த பட்ஜெட்டில் இரண்டு வேலைக்கும் சேர்த்து நான் முதலில் சொல்வது இன்டெல் ஐ5-12400. 2022 ஜனவரியில் வந்தது. 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்). புதிய மாடல்கள் வந்துவிட்டாலும், 30, 40 டிராக்குள்ள பாட்டுக்கும் 4கே எடிட்டிங்குக்கும் இன்றும் ஈடுகொடுக்கும். இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 10 கோர் உள்ள ஐ5-14400. இரண்டும் ஒரே சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம் ஒன்றேதான்.

இன்டெல் பக்கம் சாய்வதற்குக் காரணம் அதன் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், குறிப்பாக க்விக் சிங்க் என்ற வீடியோ எஞ்சின். எச்.264, எச்.265 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோக் கோப்புகளை அது தனியாகவே விரிக்கும். பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. தனி கார்டு இல்லாமலே ஃபோன் வீடியோவை எடிட் செய்ய முடிவது இதனால்தான்.

ஏஎம்டியில் ரைசன் 5 5600 இசைக்கு அருமையான பிராசசர். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது. 5600ஜி மாடலில் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 7600 இரண்டையும்விட வேகம், சிறிய கிராபிக்ஸும் உண்டு. அதன் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும் என்பதால் செலவு கூடும். பதிலுக்கு அந்தச் சாக்கெட்டில் பிற்பாடு புதிய பிராசசர் போட்டுக்கொள்ளும் வசதி கிடைக்கும். இசையே முதன்மை, வீடியோ எப்போதாவதுதான் என்றால் ரைசனைத் தயங்காமல் எடுக்கலாம்.

கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்டிருக்கும் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவர்ப் போன்ற பிளக்இன்கள் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும். ஒன்றின் வெளியீடுதான் அடுத்ததன் உள்ளீடு. அதனால் அந்த வரிசை முழுவதும் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழும். மாஸ்டர் டிராக்கில் எட்டு பிளக்இன் அடுக்கினால், மீதிக் கோர்கள் சும்மா இருக்கும்போதே ஒலி விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் இதுதான். பழைய சர்வர் பிராசசர்களில் 12, 16 கோர் என்று மலிவாக விற்பார்கள். ஒவ்வொரு கோரும் மெதுவானது. இசைக்கு அது உதவாது.

பெயரின் கடைசியில் எஃப் போட்ட மாடல் மலிவாக இருக்கிறதே?

12400எஃப் மாடலில் உள் கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும். கூடவே க்விக் சிங்க்கும் போய்விடும். வீடியோ எடிட் செய்கிறவர் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இது. கடைக்காரர் ‘எப்படியும் கார்டு போடப் போறீங்க’ என்று எஃப் மாடலைத்தான் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தனி கார்டு செருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக நிறுத்திவிடும். பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை மறுபடி இயக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

என் வீடியோ டைம்லைனில் திக்கித் திணறுகிறது. கார்டு வாங்கினால் சரியாகுமா?

பல நேரம் ஆகாது. முதலில் உங்கள் கோப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எல்லா விவரமும் தெரியும்.

ஃபோனில் எடுத்தது என்றால் இரண்டு சிக்கல். ஒன்று, எச்.265 முறையில் இறுக்கிச் சுருக்கியிருக்கும். ஒரு படத்தைக் காட்ட அதற்கு முன்னும் பின்னும் உள்ள பல படங்களைக் கணக்கிட வேண்டியிருக்கும், அதனால் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது திணறும். இரண்டு, ஃபோன்கள் ஃப்ரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கும். தனியாகப் பதிவு செய்த பாட்டை அதன்மேல் வைத்தால் முதல் நிமிடம் உதடு பொருந்தும், நான்காவது நிமிடம் விலகிவிடும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். பாட்டு வீடியோ செய்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

நல்ல கேமராவில் எடுத்தது என்றால் 4:2:2 10 பிட் என்று எழுதியிருக்கும். நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் முறை அது. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் எந்த கார்டும் 4:2:2 கோப்பைத் தன் டீகோடரில் விரிக்காது. 50 வரிசையில்தான் அது வந்தது. எச்.265 4:2:2 கோப்பை இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான உள் கிராபிக்ஸே விரித்துவிடும். அதாவது 12ஆம் தலைமுறையான ஒரு சாதாரண 12400 தனியாகச் செய்கிற வேலையை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 4090 செய்யாது. ஆனால் அதே 4:2:2, எச்.264 முறையில் இருந்தால் இந்த இன்டெல் சிப்புகளும் கைவிட்டுவிடும். உங்கள் கேமராவில் இரண்டு முறையும் இருந்தால் எச்.265 வைத்துப் படம்பிடியுங்கள்.

எந்த மெஷினிலும் பலிக்கும் வழி ப்ராக்ஸி. பெரிய கோப்புக்குப் பதிலாகச் சிறிய, எளிதில் விரியும் நகலை வைத்து எடிட் செய்வது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக மூலக் கோப்பை எடுத்துக்கொள்ளும். 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி (ப்ரோரெஸ் என்பது எடிட்டிங்குக்கென்றே உள்ள கோப்பு வகை) என்றால் மணிக்கு சுமார் 17 ஜிபிதான். ராத்திரி ப்ராக்ஸி உருவாக விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காசில்லாதவர்களின் சமாளிப்பு என்று இதை நினைக்க வேண்டாம், சினிமா எடிட்டிங்கே சிறிய நகல்களை வைத்துத்தான் நடக்கிறது.

சரி, கார்டு எப்போது தேவை? எது?

டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறவருக்கு அவசியம் தேவை. அந்த மென்பொருள் நிறம், எஃபெக்ட் எல்லாவற்றையும் கிராபிக்ஸ் கார்டில்தான் கணக்கிடுகிறது. கார்டின் நினைவகம் பற்றாவிட்டால் ‘உங்கள் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது’ என்று சொல்லி நின்றுவிடும். 4கே டைம்லைனுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 12 இருந்தால் நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி மாடல் 2021இல் வந்த பழைய கார்டுதான். அதற்குப் பின் வந்த 4060இல் 8 ஜிபிதான் இருக்கிறது. வேகத்தில் 4060 முந்தும், நினைவகம் கேட்கும் வேலையில் 3060 தாக்குப்பிடிக்கும். புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் ஆர்க் பி580 கார்டையும் பாருங்கள். 12 ஜிபி, 4:2:2 டீகோடரும் உண்டு. ஆனால் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே சமயத்தில் அணுகுவது) இல்லாத பழைய போர்டில் அது சோர்ந்துவிடும்.

ரிசால்வின் இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்டி, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்ய விடும். யூடியூபுக்கு அது போதும். ஆனால் விண்டோஸில் கார்டின் டீகோடரை அது முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வசதியும் ஸ்டுடியோ என்ற கட்டணப் பதிப்பில்தான். ஸ்டுடியோவின் விலை 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். ரிசால்வில்தான் பிழைப்பு என்றால், ஒரு படி பெரிய கார்டு வாங்குவதைவிட அந்தப் பணத்தில் ஸ்டுடியோ வாங்குவது மேல்.

பிரீமியரில் வெட்டி ஒட்டி, எழுத்துப் போட்டு, லேசாக நிறம் மாற்றுகிறவருக்கு உள் கிராபிக்ஸே பல மாதம் ஓடும்.

ராம் 16 ஜிபி போதுமா?

தொடங்குவதற்குப் போதும். 32 இருந்தால் இரண்டு வேலைக்கும் கவலையில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்புகள் போவதுதான் காரணம். அதனால் 32 எட்டாது என்றால் 16இல் தொடங்குங்கள். இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட்டால் டூயல் சேனலில் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் தரவு தரும் முறையில்) ஓடும், உள் கிராபிக்ஸுக்கு அது நன்றாகவே உதவும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிறகு சேர்க்கலாம். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டு என்றால், ஒரு 16 ஜிபி குச்சியுடன் தொடங்கி இரண்டாவதைப் பின்னால் வாங்குவது கெட்டிக்காரத்தனம்.

இசையில் ராமை விழுங்குவது சாம்பிள் லைப்ரரிகள், அதாவது நிஜ வாத்தியங்களின் ஒலியைப் பதிந்து வைத்த தொகுப்புகள். கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர், ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து எடுக்கும். டிஸ்க் வேகமாக இருந்தால் ராமில் வைக்க வேண்டிய அளவைக் குறைத்துக்கொள்ளலாம், அந்த அமைப்பு கான்டாக்டிலேயே இருக்கிறது. முழு ஸ்டிரிங்ஸ் பகுதி, அதன்மேல் கொயர் என்று அடுக்குகிறவருக்கு 32கூடப் பற்றாது. தபேலா லூப், சின்த், கிடார், குரல் என்று செய்கிறவருக்கு 16இலேயே இடம் மிஞ்சும். முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தால் (தற்காலிகமாக ஒலிக்கோப்பாக மாற்றி வைத்தால்) பிராசசர் சுமையும் விலகும்.

எஸ்எஸ்டி எவ்வளவு? ஹார்ட் டிஸ்க் இனி வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நொடிக்கு 144 கிலோபைட். மணிக்கு சுமார் 520 எம்பி. எட்டு மைக் வைத்துக் கச்சேரியைப் பதிவு செய்தாலும் நொடிக்கு ஒன்றேகால் எம்பிகூட வராது. பழைய ஹார்ட் டிஸ்க் இதைத் தூக்கத்திலேயே செய்யும். ஒலிப்பதிவுக்காக வேகமான எஸ்எஸ்டி தேவை என்பது தவறான பேச்சு. சாம்பிள் லைப்ரரிக்குத்தான் எஸ்எஸ்டி தேவை.

வீடியோவில் 100 மெகாபிட் 4கே கோப்பு மணிக்கு 45 ஜிபி. அதையே ப்ரோரெஸ் 422 ஆக மாற்றினால் 25 ஃப்ரேமில் மணிக்கு 220 ஜிபியைத் தொடும். இங்கே வேகத்தைவிட இடம்தான் முதலில் தீர்ந்துபோகிறது.

அதனால் நான் சொல்லும் அமைப்பு: விண்டோஸ், மென்பொருள், நடப்பு வேலை எல்லாவற்றுக்கும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான வகை). முடிந்த வேலைகளை வைக்க ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போர்டுடன் தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇயில் 3.0 மாடலே நொடிக்கு 3,500 எம்பி வரை தரும், எடிட்டிங்கில் 4.0க்கும் அதற்கும் வித்தியாசம் உணர்வது அரிது. சிப்பின் ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகையை விட்டு, மூன்று பிட் அடைக்கும் டிஎல்சி வகையாகப் பாருங்கள். க்யூஎல்சியில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிறைந்ததும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

நகல் எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோவோ ஒரு பாடகரின் டேக்கோ திரும்ப எடுக்க முடியாதது. இரண்டு டிஸ்கில் இருக்கும்வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.

மதர்போர்டில் என்ன பார்க்க வேண்டும்?

நான்கு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 ஸ்லாட், பின்பக்கம் போதுமான யுஎஸ்பி. போர்டின் சிப்செட் (அதன் வகையைக் குறிக்கும் பெயர்) இன்டெலுக்கு பி660 அல்லது பி760, ஏஎம்டியில் 5600, 5600ஜிக்கு பி550, 7600க்கு பி650. போர்டின் சவுண்டு சிப்பைப் பற்றி விளம்பரம் என்ன சொன்னாலும் பார்க்க வேண்டாம். மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டருடன் இணைக்கும் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வரப்போகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

அது பழுதானால் தனியாகப் போகாது, போர்டையும் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போகலாம். கேபினெட்டுடன் சேர்த்தே கொடுக்கும் ‘500 வாட்ஸ்’ எஸ்எம்பிஎஸ் பலவற்றில் அந்த 500 ஸ்டிக்கரில் மட்டும்தான் உண்டு. 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) தரச்சான்றும் ஐந்து வருட வாரண்டியும் உள்ள 550 வாட்ஸ் போதும். 12400 முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட்ஸ். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 350ஐ ஒட்டித்தான் வரும்.

நம் ஊரில் இதோடு முடிவதில்லை. கரண்ட் போய்ப்போய் வரும், வோல்டேஜ் ஏறி இறங்கும். யுபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் மெஷின் ஓட்டாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கார்டு உள்ள மெஷின் ரெண்டர் செய்யும்போது கரண்ட் போனால் அது தாங்காமல் சேர்ந்தே அணையும். கார்டு இருந்தால் 1000 விஏ அளவில் எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இல்லையேல் மாறும் அந்த ஒரு கணத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

அப்புறம் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதா? ஹெட்ஃபோனில் ஓயாத ஊ...ம் என்ற இரைச்சலா? ஆயிரக்கணக்கில் மைக்குக்குச் செலவு செய்யும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைச் சோதியுங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய எர்த் முள்ளை விட்டுவிட்டு இரண்டு முள்ளில் செருகுவதாலும் இந்தத் தொல்லை வரும். உயிருக்கும் ஆபத்து. மெஷின், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே நல்ல பவர் ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்தால் கிரவுண்டு லூப் (எர்த் வழிகள் வெவ்வேறாக இருப்பதால் வரும்) இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது. என்ன செய்வது?

கேம் விளையாடுகிறவர் கவலைப்படாத, பாடுகிறவர் கட்டாயம் கவலைப்பட வேண்டிய விஷயம். பிராசசருடன் வரும் சிறிய கூலர், சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது, முழு வேகத்தில் சுற்றித்தான் தீரும். டவர் வகைக் கூலர் ஒன்று போடுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தம் குறையும். முன்பக்கம் வலை உள்ள கேபினெட் எடுங்கள், கண்ணாடி மூடிய முகப்பு காற்றை அடைத்துவிடும். வலைக்குத் தூசி வடிகட்டி இருக்கட்டும். நம் தூசிக்கு மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பலன் தருவது மெஷினை மைக்கிலிருந்து தள்ளிவைப்பது. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகலாம். கேபினெட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸை மட்டும் பாடும் இடத்துக்குக் கொண்டுவரலாம். அறையில் மின்விசிறியை நிறுத்தித்தான் குரல் எடுப்பீர்கள். அந்த நேரத்தில் மெஷின் சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்?

ஒரு குரல் அல்லது ஒரு கருவி என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. கிடாரும் குரலும், அல்லது மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் என்றால் இரண்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைக் கூட்டும் பகுதி) உள்ளது வேண்டும்: ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஈவோ 4, பெரிங்கர் யுஎம்சி202எச்டி. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இவை எல்லாவற்றிலும் உண்டு.

மிக மலிவான பெரிங்கர் யுஎம்2 பலர் கையில் இருக்கிறது. அதற்கென்று சொந்தமான ஆசியோ டிரைவர் (விண்டோஸில் ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் மென்பொருள்) இல்லை, ஆசியோ4ஆல் என்ற பொதுவான டிரைவரில்தான் ஓட்ட வேண்டும். அதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்துச் சொந்த டிரைவர் உள்ளதை வாங்குங்கள். இன்டர்ஃபேஸில் நீங்கள் உண்மையில் வாங்குவது டிரைவரைத்தான்.

பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது. பிராசசர் பற்றவில்லையா?

இருக்கலாம், ஆனால் முதலில் பஃபர் சைஸை, அதாவது ஒலியை ஒரு தடவையில் கணக்கிடும் துண்டின் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லி செகண்ட். 512 என்றால் 10.7. உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை, கூடவே இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் என்று இரட்டிப்புக்கு மேல் ஆகும். மொத்தம் 10 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலோர் உணர மாட்டார்கள். மூன்றரை மீட்டர் தள்ளி உள்ள ஸ்பீக்கரின் சத்தம் காதுக்கு வரவே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பதிவு செய்யும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதே முறை. 128இல் ஒலி வெடித்தால், மற்ற டிராக்குகளை ஒரு ஸ்டீரியோ கோப்பாக எடுத்து, புதிய ப்ராஜெக்டில் அதன்மேல் பாடுங்கள். இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். அப்போது எந்த மெஷினிலும் தாமதம் இல்லை.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை ரீஃபர்பிஷ்டு என்று விற்கிறார்களே?

இசைக்கு மட்டும் என்றால் மிக நல்ல வழி. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்றவை அமைதியானவை, உறுதியானவை. ஒரே நிபந்தனை, இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதற்கு முந்தைய இன்டெல் மெஷின்களை முறைப்படி ஏற்பதில்லை. ஐ5-8500 உள்ள மெஷினில் 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி போட்டால் பாட்டுக்கும் 1080 வீடியோவுக்கும் ஓடும்.

வீடியோவில் வளர நினைத்தால் மெலிந்த கேபினெட்டை எடுக்காதீர்கள். அதில் குட்டை கார்டு மட்டுமே நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், மாற்றுவது கடினம்.

தனிப் பாகமாக செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் மேல்மாடல்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறால் பிராசசரே நாளடைவில் கெட்டது. 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் வருமுன் கெட்டது கெட்டதுதான். இந்த இரண்டு தலைமுறையின் பழைய ஐ7, ஐ9 மலிவாக வந்தால் தொடாதீர்கள். 12400 இந்தச் சிக்கலுக்கு வெளியே.

அசெம்பிள் செய்வதற்குப் பதில் மேக் மினி வாங்கினால்?

கேட்க வேண்டிய கேள்விதான். எம்4 மேக் மினி 2024 நவம்பரில் 16 ஜிபி ராம், 256 ஜிபி டிஸ்குடன் 59,900 ரூபாய்க்கு இந்தியாவில் வந்தது. எச்.264, எச்.265, ப்ரோரெஸ் மூன்றுக்கும் உள்ளேயே எஞ்சின் இருக்கிறது. 4:2:2 கோப்பும் சரளமாக ஓடும். சத்தம் கிட்டத்தட்ட இல்லை. கராஜ்பேண்ட் இலவசம். மானிட்டர், கீபோர்டு ஏற்கெனவே வைத்திருக்கிறவருக்கு, அந்த விலைக்கு இரண்டு வேலையையும் இவ்வளவு நன்றாகச் செய்யும் புதிய விண்டோஸ் மெஷினை அசெம்பிள் செய்வது கடினம்.

குறை என்னவென்றால் ராமைப் பின்னால் கூட்டவே முடியாது. 256 ஜிபி சீக்கிரம் நிறையும், வெளி எஸ்எஸ்டிக்குத் தனிச் செலவு. உங்கள் பிளக்இன்கள், நண்பர்களின் ப்ராஜெக்டுகள் விண்டோஸில் இருந்தால் மாறுவது தலைவலி. பழுது என்றால் பக்கத்துத் தெருக் கடையில் முடியாது. புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பாருங்கள்.

மானிட்டரும் ஹெட்ஃபோனும்?

ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி நிறங்களை (இணைய வீடியோவுக்கான பொது நிற அளவு) முழுமையாகக் காட்டும் 24 அல்லது 27 இஞ்ச். கேமுக்கான 144 ஹெர்ட்ஸ் தேவையில்லை. ஹெட்ஃபோன் மூடிய வகை, ஏடிஎச்-எம்40எக்ஸ் போன்றது. மிக்ஸை ஃபோன் ஸ்பீக்கரிலும் காரிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், கேட்பவர்கள் அதில்தான் கேட்கப் போகிறார்கள்.

லினக்ஸில் செய்யலாமா, விண்டோஸ் காசு மிச்சமாகுமே?

இசைக்கு ரீப்பர் என்ற மென்பொருள் லினக்ஸிலும் ஓடும். 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். வீடியோவுக்கு ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது, ஒவ்வொன்றையும் மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் திறக்கும். பழகியவர்களுக்குச் சரி, புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, ஆன்லைனிலா?

இரண்டிலும் விசாரியுங்கள். சென்னையில் இருந்தால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான்கைந்து கடை ஏறி இறங்கி, பாகங்களின் முழு மாடல் எண்ணுடன் கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். ‘ஐ5, 16 ஜிபி, 1 டிபி’ என்று எழுதித் தந்தால் அது கொட்டேஷனே இல்லை. எந்த ஐ5, எத்தனை குச்சி, எந்த எஸ்எஸ்டி என்று இருக்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போவது வீண் அலைச்சல். பிராசசர் பெட்டி சீலோடு இருக்கட்டும், உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் ராம், எஸ்எஸ்டி, பிராசசரை ஆன்லைனில் எடுத்து, போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் உள்ளூரில் வாங்கினால், பழுது வரும்போது போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பயாஸைப் புதுப்பியுங்கள். ராம் அதன் முழு வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். கடையில் பெரும்பாலும் அதைச் செய்து தர மாட்டார்கள். மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு ராமைச் சோதியுங்கள், ஒரு பிழை வந்தாலும் மறுநாளே மாற்றிக் கேளுங்கள். பிறகு லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் ஒலியை இடைமறிக்கிறது என்று அது காட்டும். பல மெஷின்களில் குற்றவாளி வைஃபை டிரைவராக இருக்கும். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்தாலே வெடிப்புச் சத்தம் நின்றுவிடும். விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு, ஒரு மணி நேர வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். சூடு, சத்தம், யுபிஎஸ் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பாதியில் யுபிஎஸ்ஸின் பிளக்கை ஒருமுறை பிடுங்கியும் பாருங்கள். மெஷின் அணைந்தால் கடையின் மாற்றுக் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துப் பெரியதாக வாங்கிவிடலாம்.